பாப்பா இல்லாத குடும்பப் படம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது. அதில் மூன்று பேர். நான், என் மனைவி, அவள் மடியில் ஒரு வயதுப் பையன். பின்னால் ஸ்டுடியோக்காரர் திரையில் வரைந்து வைத்திருந்த அருவி. பையன் தலையில் இருப்பது ஸ்டுடியோக்காரருடைய தொப்பி, அது அவன் மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும். நான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போனவன் மாதிரி நிற்பேன். படம் நல்ல படம்தான். ஒரே ஒரு குறை. எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர்.

நாலாவது ஆள் என் மகள். அந்தப் படம் எடுத்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள். இப்போது அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிறோம். அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், அடுத்த வருஷம் புதுசாக ஒன்று எடுத்து மாட்டிவிடலாம் என்று பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டே இருந்ததில் வருஷங்கள் போய்விட்டன. என் போனில் அவள் படம் எக்கச்சக்கமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளே, போனில் இருக்கிற படம் வேறு, சுவரில் இருக்கிற படம் வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் நம் போனைப் பார்ப்பதில்லை. சுவரைத்தான் பார்க்கிறார்கள்.

காலாண்டுப் பரீட்சை லீவில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. அண்ணனும் தங்கையும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டார்கள். சண்டையில் தோற்கிற நிலைக்கு வந்த என் மகன், சுவரைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான்.

"அந்தப் படத்துல நீ எங்க கீற? நீ எங்க வூட்டுப் பொண்ணே இல்ல. மணலூர்பேட்டை ஆத்துல மணல்ல கெடந்த. பாவமாச்சேன்னு தூக்கினு வந்தோம்."

பாப்பா அழவில்லையாம். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அந்தப் படத்துக் கண்ணாடியின்மேல் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரு பெண்ணை வரைந்துவிட்டாள். இரண்டு சடை, ஒரு கவுன், பத்து விரலுக்குப் பதிலாகப் பதின்மூன்று விரல். தலை என் தலையைவிடப் பெரியது. நான் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன். சாயங்காலம் உமித்தூசியோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் குடும்பத்தில் ஒரு ஆள் கூடியிருந்தது. என் மனைவி ஈரத்துணியோடு துடைக்கப் போனாள். நான்தான் தடுத்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பாப்பா என்னைக் கேட்டாள்.

"அப்பா, கிறிஸ்துமஸுக்கு மாமா வர்றப்ப நான் அந்தப் படத்துல இருப்பனா? வரைஞ்சது இல்ல. நெஜமா."

மாமா என்பது என் மனைவியின் அண்ணன். சின்னசேலத்தில் இருக்கிறார், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே இருப்பாய் என்று தலையாட்டிவிட்டேன். பெரியவர்கள் வாயில் சோறு இருக்கும்போது வாக்குக் கொடுக்கக்கூடாது.

ஸ்டுடியோவுக்குப் போனால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் எனக்குள் நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவரின் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவர். பெரிய கேமரா வாங்கிவிட்டதால் பழைய கேமராவைத் தள்ளிவிடப் பார்த்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள், "இன்னாங்க, மில்லுல மாலை போட்டு அனுப்பிட்டாங்களா?"

ராத்திரி ராத்திரியாக யூடியூபில் பாடம் படித்தேன். வெளிச்சம் எங்கே இருக்க வேண்டும், தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும், பின்னால் மரம் இருந்தால் அது தலையிலிருந்து முளைத்த மாதிரி தெரியக்கூடாது என்றெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிவைத்தேன். பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் நான் பாய்லர் பக்கமே போயிருக்க மாட்டேன்.

திட்டம் இதுதான். முதலில் அவர்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது. அது சரியாக வந்தால் கேமராவை ஸ்டூல்மேல் வைத்து, பத்து நொடி தாமதத்தில் அழுத்திவிட்டு ஓடிப்போய் நானும் சேர்ந்துகொள்வது. மூன்று மாதத்துக்கு நாங்கள் முதல் பாதியையே தாண்டவில்லை.

ஆயுதபூஜை லீவில் கோமுகி அணைக்குப் போனோம். அணைக்கரையில் மூன்று பேரையும் நிறுத்தி, தலைக்கு மேல் இடம் விட்டு, மரத்தைத் தள்ளி, எல்லாரும் ரெடியா, அமைதி என்று சொல்லி அழுத்தினேன். படத்தைப் பார்த்தால் மூன்று பேருக்கும் கண் மூடியிருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் மூடியிருந்தது. ஏழு படம் எடுத்தேன். ஏழிலும் என் குடும்பம் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், லேசாகக் கண் சிமிட்டினேன், நீங்கள் சரியாக அப்போது அழுத்திவிட்டீர்கள் என்கிறார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எப்படிச் சிமிட்டுவார்கள்? வெயில் கண்ணில் அடிக்கிறது, அதுதான் காரணம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தீபாவளிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் எங்களுக்குப் பலகாரம் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக்கும் முறுக்கும் அவர்களுக்குப் போகும். அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். வெயில் இல்லை, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஹாலுக்குள்ளேயே நிறுத்தினேன். எல்லாரும் ரெடியா, அமைதி. பளீர் என்று வெளிச்சம் அடித்தது. மூன்று பேருக்கும் கண் மூடியிருந்தது. வெளிச்சத்தை அணைத்துவிட்டு எடுத்தேன். இருட்டில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம் கிடைத்தது.

கேமராவில்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எடுத்தேன். கோழி முட்டை மாதிரி இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவர் மனைவியை எடுத்தேன், திறந்திருந்தன. அவர்கள் வீட்டு ஆட்டைக்கூட எடுத்தேன். ஆடு என்னை நேராகப் பார்த்தது.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். கேமரா நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆகவே இது உன் பிறந்த வீட்டு வழியாக வந்த வியாதியாக இருக்கும் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். நாலு நாள் எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான். ஐந்தாம் நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "எங்கண்ணன் கல்யாண ஆல்பத்த எடுத்தாந்து காட்டட்டா? அத்தினி பேருக்கும் கண்ணு தொறந்துதான் கீது. எடுக்கறவரு எடுத்தா நல்லாத்தான் வரும்."

கார்த்திகையும் போயிற்று. மொட்டை மாடியில் எடுத்தேன், கிணற்றடியில் எடுத்தேன், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது கரும்புத் தோட்டத்து ஓரத்தில் எடுத்தேன். பாப்பா ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கேமராவின் பின்பக்கத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் அவள் இடத்தில் நின்றுகொள்வாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வேறு வழியில்லாமல் கேமராவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்தவர் எல்லாப் படத்தையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். இவ்வளவு கஷ்டம் எதற்கு, சுவரில் இருக்கிற பழைய படத்தைக் கொண்டு வாருங்கள், பாப்பாவைத் தனியாக ஒரு படம் எடுத்து அதிலேயே கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுகிறேன், ஒட்டினதே தெரியாது என்றார். எனக்குத் தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்பா," என்றாள் பாப்பா. "நான் அப்ப அங்க இல்லல்ல."

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். நாலு பேரும் அங்கேயே வந்து எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் எடுக்கிறவர் எடுத்தால் என்று என் மனைவி சொன்னது காதிலேயே இருந்தது. நான் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டபோது கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மலைமேல் வெள்ளிமலைக்குப் போனால் பனிமூட்டம் இருக்கும், வெயிலும் இருக்காது, இருட்டும் இருக்காது, அங்கே எடுத்தால் யாரும் கண்ணை மூட முடியாது என்று நான் கடைசியாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மில்லில் ஒரு நாள் லீவு சொன்னேன்.

புறப்படும்போது துணிப் பிரச்சினை வந்தது. சுவரில் மாட்டப்போகிற படம், ஆகவே புதுத்துணி போட வேண்டும் என்றேன். புதுத்துணி பீரோவில் தயாராக இருந்தது. பாப்பாவின் கவுனை என் மனைவியே தைத்திருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் துணியைக் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்குத்தான் முதன்முதலாகப் போட வேண்டும். அதற்கு முன்னால் அளவு பார்ப்பதற்குக்கூட ஒரு கைதான் நுழைக்கலாம். என் மனைவி இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். கடைசியில் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் துணியைப் போடுவது என்று முடிவானது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. மகனின் பேண்ட் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் நின்றது. பாப்பாவின் கவுன் பின்பக்கம் மூடவில்லை, மூன்று ஊக்கு குத்தினோம். எனக்கு மட்டும் சட்டை நீளம் சரியாகத்தான் இருந்தது, வயிற்றில்தான் பட்டன் மாட்டவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலையிலேயே பஸ் ஏறினோம். மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே மகன் மஞ்சப்பைக்குள் தலையை விட்டுவிட்டான். வெள்ளிமலையில் இறங்கும்போது அவன் முகம் வேகவைத்த சுரைக்காய் நிறத்தில் இருந்தது. படத்தில் இது தெரியுமா என்று நான் கேட்டதற்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தோம். ஓர் இடத்தில் சாமை அறுத்துப் பாறைமேல் கதிரைக் காயப் போட்டிருந்தார்கள். பின்னால் மலை அடுக்கடுக்காகப் போனது. பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தது. ஒரு பெரியம்மா பாறைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கதிரை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். இங்கே படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கதிரை மிதிக்காமல் எடுத்துக்கொள் என்றார்.

மூன்று பேரையும் நிறுத்தினேன். எல்லாரும் ரெடியா, அமைதி. கண் மூடியிருந்தது. மறுபடி. மூடியிருந்தது. ஆறாவது தடவை நான் கொஞ்சம் கோபமாகவே ரெடியா என்று கேட்டேன். பெரியம்மா கையில் இருந்த கதிரைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, நானும் அப்ப புடிச்சிப் பாத்துக்கினே கீறன். நீ ரெடின்றதும் மூணு பேரும் கண்ண மூடிக்கினு சாமி கும்புடுறாங்களே. அதுக்கு இன்னா அர்த்தம்?"

நான் கேமராவை இறக்கினேன். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். டிவியை நிறுத்திவிட்டுப் பாயில் உட்காருவோம். நான்தான் ஆரம்பித்து வைப்பேன். ஆரம்பிக்கும்போது என்ன சொல்வேன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எல்லாரும் ரெடியா, அமைதி. இதைத்தான் சொல்வேன். இதே குரலில், இதே மாதிரி இழுத்து. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியும், பிறந்ததிலிருந்து பிள்ளைகளும் அதைக் கேட்டுக் கண்ணை மூடி மூடிப் பழகியிருக்கிறார்கள். கோமுகி அணையில் மூடினார்கள். கரும்புத் தோட்டத்தில் மூடினார்கள். நான் வெயிலைக் குற்றம் சொன்னேன், வெளிச்சத்தைக் குற்றம் சொன்னேன், சின்னசேலத்தில் ஒரு பாவமும் அறியாமல் இருந்த என் மச்சானின் குடும்பத்தையே குற்றம் சொன்னேன்.

"எங்க வூட்டு வியாதின்னு சொன்னீங்களே," என்றாள் என் மனைவி. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இனிமேல் சுலபம் என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் அழுத்தினால் சரியாகிவிடும். ஆனால் விஷயம் தெரிந்துபோனதால் இப்போது மூன்று பேரும் கண்ணை மூடக்கூடாது என்ற ஒரே குறியோடு நின்றார்கள். படத்தில் மூன்று பேர் பேயைப் பார்த்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள். மகனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேறு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று, வாயில் வந்ததை, இட்லி என்று சொன்னேன். மகன் மறுபடி மஞ்சப்பையைத் தேடினான்.

இதற்குள் பனி இறங்க ஆரம்பித்தது. கேமராவில் பேட்டரி சிவப்பு காட்டியது. ஸ்டூல் வைத்து ஓடிப்போய்ச் சேர்வதற்கெல்லாம் நேரம் இல்லை. பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் வாப்பா. நீ இல்லன்னா அப்புறம் உன்ன வரையணும்."

நான் பெரியம்மாவிடம் போய்க் கேமராவைக் கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். நான் இன்னா சொல்லணும் என்று கேட்டார். தயவு செய்து எதுவும் சொல்லாதீங்க என்றேன். ஓடிவந்து என் மனைவிக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பெரியம்மா கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். அழுத்துகிற மாதிரி தெரியவில்லை. என் மூச்சு முடிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு குருவிக் கூட்டம் வந்து எங்களுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த சாமைமேல் இறங்கியது. பெரியம்மாவுக்குக் கேமரா மறந்துபோயிற்று, குடும்பம் மறந்துபோயிற்று. தோ, தோ, தோய் என்று அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். போட்ட வேகத்தில் விரல் அழுந்திவிட்டது.

அதற்கப்புறம் கேமரா அணைந்துபோனது. என்ன வந்தது என்று அங்கே பார்க்க முடியவில்லை. ஊருக்குப் போய் பிரிண்ட் போட்டு உங்களுக்கும் ஒன்று கொண்டு வந்து தருகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். படம் கெடக்குது, குருவி எவ்ளோ தின்னுட்டுப் போச்சு பாரு என்றார்.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டோம். நாலு பேரும் கேமராவைச் சுற்றி உட்கார்ந்தோம். பச்சை விளக்கு வந்ததும் நான்தான் பட்டனை அழுத்தினேன்.

என் மனைவிக்குக் கண்ணும் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது. மகன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தான், ஏறிப்போன பேண்ட் இன்னும் ஏறியிருந்தது. நான் பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தவன் மாதிரி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இழுத்த வயிறு முழுசாக வெளியே வந்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் பத்துப் பதினைந்து குருவி. நடுவில் பாப்பா. அவள் ஒருத்திதான் நேராக நின்று, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். குருவி வந்ததை முன்பே பார்த்துவிட்டாளாம்.

நாளைக்குக் கிணற்றடியில் நிறுத்தி இன்னும் ஒன்று ஒழுங்காக எடுத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாலு பேரும் கீறோம். கண்ணு தொறந்துகீது. இதுக்கு மேல இன்னா வேணும் உங்களுக்கு?"

மறுநாள் அதே ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. மேடத்தின் வாயைக் கம்ப்யூட்டரில் மூடிவிடலாம், உங்கள் வயிற்றையும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். வயிற்று விஷயத்தில் எனக்கு ஆசை வந்தது உண்மை. பாப்பா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருப்பது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பழைய படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தோம். புதுசை அதே ஆணியில் மாட்டினோம். ஏழு மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் நான் எல்லாரும் ரெடியா என்று கேட்டுத் தொலைத்தேன். மூன்று பேரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அதோடு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டது. இப்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடித்தான் ஆரம்பிக்கிறோம்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மச்சான் குடும்பம் வந்து இறங்கியது. அவர் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னா மச்சான், எத்த பாத்து இப்டி மெரண்டீங்க? மாடு தொரத்துச்சா?"

அதை நான் சொன்னால் நன்றாக இருக்காது, பாப்பா சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது. மூன்று மாதமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே. மாமாவை அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இதோ நான் என்று அவள் காட்டுவதை ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைக்கூடத் தயாராக மாட்டிக்கொண்டேன். வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் புதுக் கவுனைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

மாமா வந்துவிட்டார், படத்தைப் பார்க்கிறார், வா என்றேன். ஒற்றைக் காலில் நின்றபடியே திரும்பினாள்.

"பாக்கட்டும்பா. அதான் மாட்டியாச்சே."

சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டாள்.